நேற்றுச் சொன்னவள்

விஸ்வலிங்கம் பினாங்குத் துறைமுகக் கிடங்கில் ஸ்டோர் கிளார்க். கிடங்கில் அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. ஒரு சரக்கு நேற்று இருந்து இன்று இல்லையென்றால், யாரோ எடுத்து ஒளித்திருக்கிறார்கள். தானாக எதுவும் காணாமல் போவதில்லை.

அந்த நியாயத்தையே அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். மகள் புஷ்பராணிக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை "தண்ணி" என்று தெளிவாகச் சொல்வாள். செவ்வாய்க்கிழமை செம்பிலிருக்கிற தண்ணீரைக் காட்டி, "இது என்ன, சொல்லு" என்றால் வாய் திறக்கும், மூடும், ஒன்றும் வராது.

"நேற்றுச் சொன்னவள் இண்டைக்கு ஏன் சொல்லமாட்டாள்?" என்று விஸ்வலிங்கம் மனைவியைக் கேட்பார். "சொல்லு உள்ளுக்கை இருக்கு. கள்ளி, ஒளிச்சு வைச்சிருக்கிறாள்."

பிறகு கோடு போடுகிற மர அடிமட்டத்தை எடுப்பார். அவர் கேட்குமுன்னே புஷ்பராணி உள்ளங்கையை நீட்டுவாள். அவர் கொடியவர் அல்லர். அடித்த பின் தேங்காயெண்ணெய் தடவிவிடுவார். தடவிக்கொண்டே, "அப்பா எண்டு ஒருக்காச் சொல்லன், பிள்ளை" என்று கெஞ்சுவார். அவள் அவர் முகத்தையே பார்ப்பாள். உதடுகள் ஒட்டும், விலகும். "பம்மா" என்று வரும். இன்னொரு முறை "அத்தா" என்று வரும். மூன்றாம் முறை வெறும் காற்று வரும். "பகிடி பண்ணுறாள்" என்று கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார்.

தாய் ஞானாம்பிகை இதையெல்லாம் அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அதிகம் படித்தவள் அல்லள். ஆனால் பார்க்கத் தெரிந்தவள். பிள்ளையின் வாயை அவள் பார்த்தமாதிரி யாரும் பார்த்ததில்லை. ஜப்பான் சண்டைக்கு முன்பு ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் நாக்கைத் தூக்கிப் பார்த்து, கீழே கட்டு ஒன்றும் இல்லை, காது நன்றாகக் கேட்கிறது, வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார். முறுக்கைக் கடித்து மென்று விழுங்குகிற வாய்தான். கரண்டியில் ஒட்டின தேனை நக்குகிற நாக்குதான். சாப்பாட்டுக்கு வழி தெரிந்த வாய்க்குச் சொல்லுக்கு மட்டும் வழி தெரியவில்லை.

ஊமைக்கு எப்போதும் ஒரே சத்தம். கொன்னைவாய்க்கு எப்போதும் ஒரே பிழை. இவளுக்கோ ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பிழை. இருட்டில் சாவி போடுகிறவனின் கை பூட்டைச் சுற்றித் தடவுவதுபோல் அவள் உதடுகள் சொல்லைத் தடவித் தேடின. கேட்டால்தான் அப்படி. கேட்காவிட்டால் சில சமயம் தானாக வந்து விழும். ஒருநாள் பால் பொங்கி வழிந்தபோது, "ஐயோ அம்மா!" என்றாள், அடுத்த வீட்டுப் பிள்ளையைப்போலத் தெளிவாக. ஞானாம்பிகை ஓடிவந்து, "என்ன சொன்னனி? இன்னொருக்காச் சொல்லு" என்றாள். அவ்வளவுதான். கேட்டதும் போய்விட்டது.

பிள்ளையை நித்திரையாக்கும்போது முதுகில் தட்டுவது வழக்கம். ஒரு மத்தியானம் அந்தத் தட்டுக்கு ஏற்றபடி "அம்... மா" என்று வந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள் ஞானாம்பிகை. பிள்ளையின் மணிக்கட்டில் இரண்டு விரலால் மெதுவாகத் தட்டுவாள், ஒரு தட்டுக்கு ஒரு துண்டு. தண். ணி. சோ. று. நாள் முழுக்கத் தட்டினால் ஒரு சொல் வரும். மறுநாள் பாதி மறந்திருக்கும், மறுபடி தட்டவேண்டும். ஆனால் வந்தது.

புருஷனிடம் சொன்னாள். "இஞ்சருங்கோ, அவளுக்கு மனமில்லாமல் இல்லை. ஏலாமல் இருக்குது. தட்டினால் வாய்க்கு வழி தெரியுது."

"உம்மடை விரலிலையோ அவளுக்கு நாக்கு இருக்கு?" என்று விஸ்வலிங்கம் சிரித்தார். "செல்லம் குடுத்துக் கெடுக்கிறீர். அடிமட்டத்துக்குத்தான் அவள் மசிவாள்."

அவர் நம்பிய மருந்து இன்னொன்றும் இருந்தது. அது வசம்பு. பேச்சு வராத பிள்ளைக்கு வசம்பைச் சுட்டு, தேனில் உரைத்து, வெள்ளிக்கிழமை நாக்கில் தடவினால் வாய் திறக்கும் என்று அவர் தாய் சொல்லியிருந்தாள். ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்த பிறகு இந்தியக் கப்பல் நின்று, வசம்பும் பெருங்காயமும் தங்கம்போல் ஆகிவிட்டன. கிடங்கில் கூட வேலை செய்த தம்பு என்ற கலியாணமாகாத பையன்தான் எங்கேயோ மீரா சாகிப் மருந்துக்கடையில் சொல்லிவைத்து வாங்கிவருவான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் சைக்கிளில் வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பான்.

"என்ன ராணி, இண்டைக்காவது மாமா எண்டு சொல்லுவியோ?" என்பான். அவள் சிரிப்பாள். "சரி, கடன்" என்று சொல்லி, வெறும் கோப்பித்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவான். அவன் வேறு ஒன்றும் அந்த வீட்டில் பேசினதில்லை. ஒரேயொரு முறை, "காலம் இப்பிடியே கிடவாது அண்ணை" என்றான். விஸ்வலிங்கம், "இஞ்ச அந்தக் கதை வேண்டாம்" என்று அடக்கிவிட்டார்.

பள்ளிக்கூடங்களில் நிப்பொங்கோ என்ற ஜப்பான் பாஷை வந்தது. கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டார்கள். விடியுமுன்னே பிள்ளைகள் மைதானத்தில் நிற்கவேண்டும். ஒலிபெருக்கியில் பியானோ அடிக்கும், அதற்கேற்பக் கையை உயர்த்தி, இறக்கி, குனிந்து, நிமிர்ந்து, எல்லோரும் உரக்க எண்ணவேண்டும். கை உயராவிட்டால் பிரம்பு. அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும், தெருவில் நின்றாலும், கை உயரவேண்டும். பயம் அந்தக் காலத்துப் பிள்ளைகளின் தோளில் அப்படி ஏறி உட்கார்ந்திருந்தது.

ஒருநாள் மீனாட்சி டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டாள். மூன்று மாதம் நிப்பொங்கோ படித்துப் பட்டயம் வாங்கி, சட்டையில் சின்னம் குத்தியிருந்தவள்.

"அண்ணே, சந்தோஷமான விஷயம்லா! உங்க மக எண்ணுறா! கையத் தூக்கினா போதும், இச்சி, நி, சான், சி, கோ, ரொக்கு, சிச்சி, ஹாச்சி... ஒரு எழுத்து தப்பல. ஜப்பான்கார வாத்தியாரு, சென்செய்யே தட்டிக் குடுத்தாரு."

ஞானாம்பிகைக்கு அடுப்படியில் கண்ணீர் வந்தது. அவளுக்குக் காரணம் உடனே விளங்கியது. கை உயர்கிறது, வாய் அதன் பின்னால் போகிறது. யாரும் அவளைக் கேட்கவில்லை, கூட்டத்தோடு தானாக வருகிறது. தன் இரண்டு விரல் செய்ததைத்தான் அந்தப் பியானோவும் செய்கிறது.

விஸ்வலிங்கத்துக்கும் ஒன்று விளங்கியது. டீச்சர் போனதும் மகளை முன்னால் நிறுத்தினார்.

"ஜப்பான்காரன்ரை பாஷையிலை எட்டு மட்டும் எண்ணுறாய். பெத்த தேப்பனை அப்பா எண்டு கூப்பிட வாய் வரேல்லை. என்ன?"

புஷ்பராணி வாயைத் திறந்தாள். உதடுகள் தேடின.

"பாத்தீரா ஞானம்? கள்ளி."

அன்றைக்கு அடிமட்டம் ஓரத்தில் உடைந்தது. எண்ணெய் தடவவில்லை.

தம்புவை ஒரு புதன்கிழமை கிடங்கில் வைத்து ஜப்பான்காரர் பிடித்தார்கள். அவன் அறையில், பிஸ்கட் பெட்டிக்குள் தடைசெய்த ரேடியோ இருந்ததாம். வியாழக்கிழமை விஸ்வலிங்கத்தைக் கொண்டுபோனார்கள். தம்பு வெள்ளிக்கிழமை தோறும் எந்த வீட்டுக்குப் போகிறான் என்பதைத் தெருவே பார்த்திருந்தது. பார்த்ததைச் சொல்லவும் தெருவில் ஆள் இருந்தது.

சில நாள் கழித்துத் தங்கராஜு வந்தான். சிந்திரா ஸ்திரீட்டில் ஜப்பான்காரன் போட்டோக்கடையில் வேலை பார்த்து அந்தப் பாஷை கற்றவன். இப்போது ராணுவப் போலீஸுக்கு மொழிபெயர்ப்பாளன். வாசலிலேயே நின்று, "அம்மா, நாளைக்குக் காலைல நீங்களும் பாப்பாவும் வரணும்" என்றான்.

"என்ரை அவர் எப்பிடி இருக்கிறார், தம்பி?"

"இருக்காரு." அவன் வேறு பக்கம் பார்த்தான். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. தம்பு ரேடியோ நியூஸ் கொண்டாந்து குடுத்தான், உங்க வீட்டுக்காரர்தான் எழுதி மத்தவங்களுக்கு அனுப்பினாருங்கிறது கேஸ். நல்லா எழுதற கைலா. உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றாருன்னா, அவன் வசம்பு கொண்டாரத்தான் வந்தான், எம்பொண்ணு ஊமைங்கிறாரு. அதிகாரி அதைத்தான் பிடிச்சுக்கிட்டாரு. பொண்ணு நெசமாவே ஊமைன்னா மிச்சமும் நெசம். இல்லேன்னா மிச்சமும் பொய். புரியுதா?"

"அவள் ஊமை இல்லை தம்பி, அவளுக்கு..."

"ஐயோ, அம்மா!" தங்கராஜு தலையில் கைவைத்தான். "ஊமைன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். ஊமைக்கு அவங்க பாஷைல ஒரு வார்த்தை இருக்கு. நீங்க சொல்றதுக்கெல்லாம் எங்கிட்ட வார்த்தை இல்ல."

அன்று முழுவதும் ஞானாம்பிகை பிள்ளையின் மணிக்கட்டைத் தொடவில்லை. தொட்டால் ஏதாவது வந்துவிடுமோ என்று பயந்தாள். இத்தனை காலம் எது வரவேண்டும் என்று கும்பிட்டாளோ, அது வரக்கூடாது என்று கும்பிட்டாள்.

மறுநாள் விடியுமுன்னே போனார்கள். யாரோ சீனத் தவுக்கேயின், பணக்கார முதலாளியின், பங்களா அது; இப்போது ராணுவப் போலீஸ் பிடித்திருந்தது. கூடத்தில் பூப்போட்ட தரை, நடுவில் மேசை. அதிகாரி ரம்புத்தான் பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தார். மேசைமேல் கொட்டைகள் வரிசையாக இருந்தன.

விஸ்வலிங்கத்தை இருவர் பிடித்துக்கொண்டுவந்து முழங்காலில் இருத்தினார்கள். முத்துமுத்தாக எழுதுகிற விரல்கள் அவித்த கிழங்குபோல வீங்கியிருந்தன. மூக்குக்கண்ணாடி இல்லை. தாடை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதிகாரி ஏதோ கேட்டார்.

"பொண்ணு பேரு என்ன, சொல்லு" என்றான் தங்கராஜு.

விஸ்வலிங்கத்தின் வாய் திறந்தது. உதடுகள் ஒட்டப் பார்த்து, ஒட்டாமல் விலகின. "புப்... புத்த..." என்று எச்சில் வழிந்தது.

"ஒழுங்காப் பேசுய்யா! நேத்து நல்லாத்தானே பேசின, இன்னிக்கு என்ன வந்துச்சு?"

அதைக் கேட்டதும் ஞானாம்பிகை புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு உறைத்ததா என்று பார்த்தாள். அந்த முகத்தில் வலியைத் தவிர வேறெதற்கும் இடம் இருக்கவில்லை.

அதிகாரி புஷ்பராணியைக் கிட்ட அழைத்து, ஒரு ரம்புத்தானை உரித்துக் கொடுத்தார். அவள் வாங்கிக் கையில் வைத்திருந்தாள்.

"பேரு என்ன பாப்பா?" என்றான் தங்கராஜு.

உதடுகள் தேடின. ஒன்றும் வரவில்லை.

"இது யாரு?" என்று விஸ்வலிங்கத்தைக் காட்டினான்.

உதடுகள் தேடின. ஒன்றும் வரவில்லை. அதிகாரி அவள் வாயையே குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து, புகைந்துகொண்டிருந்த சிகரெட்டை, மேசையில் அணைப்பதுபோலச் சாதாரணமாக, விஸ்வலிங்கத்தின் கழுத்தில் வைத்து அழுத்தினார். கண்கள் மட்டும் பிள்ளைமேல் இருந்தன.

புஷ்பராணி கத்தினாள். சத்தம் வந்தது. சொல் வரவில்லை. அவள் கழுத்து நரம்பு புடைக்க, வாய் ஒட்டி ஒட்டி விலகியது. இத்தனை வருஷம் அடிமட்டம் கேட்ட சொல்லைத்தான் அவள் தேடுகிறாள் என்று ஞானாம்பிகைக்குத் தெரிந்தது. இரண்டு விரலால் தட்டினால் அது வந்துவிடும். அவள் தன் விரல்களை மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இன்னொரு முறை அழுத்தினார். சத்தம் மட்டும் வந்தது.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கராஜுவிடம் ஏதோ சொன்னார். தங்கராஜு மூச்சை விட்டான். "நம்பிட்டாரு அம்மா" என்று தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான். "ஊமைதான்னுட்டாரு. காகிதத்துல சாப் குத்தினா சரி."

அதிகாரி முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். அப்போதுதான் பின்புற மைதானத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. பியானோ தொடங்கியது.

சிப்பாய்கள் வரிசையில் நின்றிருப்பார்கள். கூடத்துக்குள் அது நன்றாகவே கேட்டது. புஷ்பராணியின் அழுகை நின்றது. கையிலிருந்த ரம்புத்தான் தரையில் விழுந்து உருண்டது. இரண்டு கைகளும் தோளுக்கு மேலே உயர்ந்தன.

"ராணி!" என்றாள் ஞானாம்பிகை.

"இச்சி" என்றாள் பிள்ளை. "நி. சான். சி."

கண்ணீர் வழிகிற முகத்தோடு, முன்னால் எங்கோ பார்த்தபடி, குனிந்து நிமிர்ந்து எண்ணினாள். "கோ. ரொக்கு. சிச்சி. ஹாச்சி." ஒரு எழுத்து தப்பவில்லை. எட்டு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். தாய் ஓடிப்போய்க் கைகளைப் பிடித்து இறக்கினாள். பிடித்த பிடிக்குள்ளும் கைகள் உயரப் பார்த்தன, வாய் எண்ணியது.

அதிகாரி முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, கைதட்டிச் சிரித்தார். நல்ல வேடிக்கையைப் பார்த்தவரின் மனம் நிறைந்த சிரிப்பு.

"ஏம்மா," தங்கராஜுவின் குரல் மாறிவிட்டது, அதிகாரியின் காதில் விழவேண்டும் என்று கத்தினான். "இப்பப் பேசினவ கொஞ்சம் முன்னாடி ஏன் பேசல? சொல்லிக் குடுத்து நடிக்க வச்சியா?"

"தம்பி, கேட்டால் வராது. அது தானா வாறது. பாட்டுக்கு வாறது. அவள் சொல்லேல்லை, அவளின்ரை கைதான்... நீ அவருக்குச் சொல்லு தம்பி, காலிலை விழுறன்."

தங்கராஜு சொல்லவில்லை. அவனிடம் அதற்கு வார்த்தை இல்லை.

விஸ்வலிங்கத்தைத் தூக்கினார்கள். வாசற்படியில் அவர் திரும்பி மகளைப் பார்த்தார். ஞானாம்பிகை அந்தப் பார்வையைப் பிடித்துக்கொள்ள முயன்றாள். "இஞ்சருங்கோ, அவள் வேணுமெண்டு செய்யேல்லை! உங்களுக்குத் தெரியுந்தானே, இப்ப தெரியுந்தானே!" என்று கத்தினாள்.

மகளின் பெயரைச் சொல்ல முடியாத அந்த உடைந்த வாய் திறந்தது.

"பாத்தீரா ஞானம்? கள்ளி."

பல வருஷம் சொல்லிச் சொல்லிப் பழகினது, பிசகில்லாமல் வந்தது.

அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் தங்கராஜு ஒரு துணிமூட்டையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, கூப்பிடாமலே போய்விட்டான். வேட்டி, சட்டை, ஒரு கண்ணாடிச் சட்டம். ஞானாம்பிகை அன்றைக்கு அடிமட்டத்தை அடுப்பில் வைத்தாள். உடைந்த ஓரம் முதலில் பிடித்து எரிந்தது. அந்த நெருப்பில்தான் மரவள்ளிக்கிழங்கு அவிந்தது. தாயும் மகளும் தின்றார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் போகாவிட்டால் அரிசிப் பங்கீட்டுக் கார்டில் பிள்ளையின் பங்கு வெட்டுப்படும். அனுப்பத்தான் வேண்டியிருந்தது. சில நாளில் மீனாட்சி டீச்சர் மறுபடி வந்தாள். இந்த முறை வாசலில் நின்றே பேசினாள்.

"அக்கா, உங்க மக கையத் தூக்க மாட்டேங்கிறா. எண்ண மாட்டேங்கிறா. சென்செய் பிரம்பை எடுக்கறாரு, நான் என்ன பண்ண? முந்தி எண்ணினவ இப்ப ஏன் எண்ண மாட்டா? பிடிவாதம் அக்கா, சுத்தப் பிடிவாதம்."

ஞானாம்பிகை உள்ளே போனாள். மகள் பாயில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை சிவந்து தடித்திருந்தது.

"எண்ண ஏலாமல் இருக்கோ பிள்ளை?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"எண்ணமாட்டியோ?"

ஓம் என்று தலையாட்டினாள். தாய் பழக்கத்தில் இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்தாள். பிள்ளை அந்த விரல்களை எடுத்து, ஒன்றொன்றாக மடக்கி, தாயின் கையைப் பொத்தி, தாயின் மடியிலேயே வைத்துவிட்டாள். ஞானாம்பிகை அவள் வாயைப் பார்த்தாள். உதடுகள் ஒன்றையும் தேடவில்லை. ஒன்றோடொன்று இறுக்கி மூடியிருந்தன. அந்த வாயை அவள் அதற்கு முன் அப்படிக் கண்டதில்லை.

வாசலுக்குத் திரும்பி வந்தாள்.

"ஓம் டீச்சர்" என்றாள். "இது பிடிவாதந்தான்."

"அப்ப நான் சென்செய்கிட்ட என்ன சொல்ல?"

"அதையே சொல்லுங்கோ."

மறுநாள் மைதானத்தில் பியானோ தொடங்கியபோது எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு பிள்ளை மட்டும் கைகளைத் தொங்கவிட்டு நின்றது. சென்செய் பிரம்போடு வரிசைக்குள் வந்தார். அவர் கேட்குமுன்னே புஷ்பராணி உள்ளங்கையை நீட்டினாள்.